காவல் பெற்ற தெருவும் காவல் பெற்ற மரமும்

சிங்கப்பூரின் சைனாடவுன் வட்டாரத்தில் பகோடா ஸ்திரீட் என்றொரு தெரு உண்டு. பெயரை மட்டும் கேட்பவர், அங்கே சீனர் எழுப்பிய அடுக்குக் கோபுரம் ஒன்று முன்னாளில் நின்றிருக்கும் என்று எண்ணக்கூடும். ஆனால் அத்தெருவுக்குப் பெயர் தந்தது, சவுத் பிரிட்ஜ் சாலையில் அதன் முனையில் நிற்கும் மாரியம்மன் கோயிலின் கோபுரமே ஆகும். 1827ஆம் ஆண்டில் நாராயண பிள்ளை தோற்றுவித்த அக்கோயில், சீனர் வாழ்ந்த தெருவுக்குத் தன் கோபுரத்தால் ஒரு பெயரை ஈந்தது. கோயிலும் இருக்கிறது; தெருவும் இருக்கிறது; பெயரும் இருக்கிறது. இவை மூன்றும் தாமாகவே நிலைத்துவிட்டனவா? இல்லை. சட்டம் ஒன்று குறுக்கே நின்று காத்ததனால் நிலைத்தன. அச்சட்டம் எவ்வாறு பிறந்தது என்பதை அறிதல் நமக்குப் பயன் தரும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் நகரின் நடுப்பகுதியில் மக்கள் நெருக்கடி மிகுந்திருந்தது. ஒரு கடைவீட்டின் மேல்தளத்தைப் பலகைத் தடுப்புகளால் பல அறைகளாக்கி, அறைக்கு ஒரு குடும்பமாக மக்கள் வாழ்ந்தனர். வாடகை ஏறாமலிருக்க 1947இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அது ஏழைக் குடியிருப்பாளர்க்கு அரணாயிற்று. ஆயினும் அதற்கொரு மறுபக்கமும் இருந்தது. உயராத வாடகையைப் பெற்ற உரிமையாளர்க்குக் கூரையைச் செப்பனிடவோ சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவோ ஊக்கம் இல்லாமற் போயிற்று. மழை ஒழுகிற்று, உத்திரம் உளுத்தது. காக்க வந்த சட்டமே, கட்டடத்தைப் பொறுத்தமட்டில், மெல்ல அழிக்கும் கருவியாயிற்று.

பின்னர் நகரச் சீரமைப்பு வந்தது. குடும்பங்கள் புதிய அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. பழைய கட்டடங்கள் பல இடிக்கப்பட்டன. பிராஸ் பாசா சாலையில் இருந்த ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தின் பழைய கட்டடம் 1972இல் மறைந்தது. நம்மவர் செட்டித் தெரு என்றழைத்த மார்க்கெட் ஸ்திரீட்டில், நகரத்தார் வரிசையாகப் பெட்டகங்களை வைத்துக் கணக்கெழுதி வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகளும் சீரமைப்பிற்கு இடந்தந்து மறைந்தன. வாழ்க்கை வசதி வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் எதை இடிப்பது, எதை விடுவது என்று நிறுத்துப் பார்க்க ஒரு துலாக்கோல் தேவைப்பட்டது.

அத்துலாக்கோலின் முதல் வடிவமே 1970இல் இயற்றப்பட்ட நினைவுச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம். அதன்படி 1973இல் எட்டுக் கட்டடங்கள் முதன்முதலாகத் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. மாரியம்மன் கோயில் அவ்வெட்டனுள் ஒன்று. அடுத்த ஆண்டே தெலுக் ஆயர் ஸ்திரீட்டிலுள்ள நாகூர் தர்காவும் அத்தகுதியைப் பெற்றது. ஆயினும் இச்சட்டம் தனித்தனிக் கட்டடத்தையே காத்தது. கோயிலுக்குக் காவல் கிடைத்தது; கோயிலைச் சூழ்ந்த தெருவுக்குக் கிடைக்கவில்லை. பூவைக் காத்துக் கொடியை விட்டுவிட்டதைப் போன்ற நிலை அது.

அக்குறை 1989இல் நீங்கிற்று. அவ்வாண்டு சூலைத் திங்களில் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம், போட் கீ முதலிய வட்டாரங்கள் பாதுகாப்பு வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் ஒரே நாளில் காவல் பெற்றன. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் எழுத்து மூலமான இசைவின்றி அவற்றில் எதையும் இடிக்கவோ மாற்றவோ கூடாது என்பது விதி. இயன்றவரை பழையதை வைத்துக்கொள்ளுதல், இழந்த வடிவத்தை மீட்டல், பழுதானதைக் கவனத்தோடு செப்பனிடல் என்னும் மூன்றும் அவ்விதியின் உயிர்நாடி. இரு வீடுகளுக்கு இடையிலுள்ள பொதுச்சுவர், மரத்தளம், சுட்ட களிமண் ஓட்டுக் கூரை, ஒளியும் காற்றும் இறங்கும் முற்றம், மரச் சாளரம், முன்புறத்து ஐந்தடி நடைபாதை ஆகியன பேணப்பட வேண்டும். வரலாற்று வட்டாரங்களில் விதி மிகவும் கடுமையானது. பிற்காலத்துக் குடியிருப்பு வட்டாரங்களில், பழைய முன்பகுதியைப் பேணிப் பின்புறத்தில் புதிதாகக் கட்டிக்கொள்ள இடமுண்டு. ஆகவே இவ்விதிகள் மாற்றத்தையே மறுப்பன அல்ல. எண்ணிப் பாராத மாற்றத்தையே மறுப்பன.

கட்டடத்துக்குக் காவல் என்பது நமக்குப் புதியதாகத் தோன்றலாம். மரத்துக்குக் காவல் என்பது தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. பழந்தமிழ் வேந்தர் ஒவ்வொருவர்க்கும் காவல்மரம் இருந்தது. பகைவனின் காவல்மரத்தை வெட்டி வீழ்த்துவதே வெற்றியின் அடையாளமாயிருந்தது என்று சங்கப் பாடல்களில் பயில்கிறோம். அவ்வுணர்வுக்கு இக்காலச் சட்ட வடிவம் ஒன்று உண்டு. 1963இல் திரு. லீ குவான் இயூ மெம்பாட் மரக்கன்று ஒன்றை நட்டு, மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். 1975இல் பூங்காக்கள், மரங்கள் சட்டம் இயற்றப்பட்டது. 1991இல் சாங்கியிலும் நகரின் நடுப்பகுதியை ஒட்டியும் இரண்டு மரப் பாதுகாப்பு வட்டாரங்கள் வரையறுக்கப்பட்டன. அவற்றினுள்ளும், தீவின் எப்பகுதியிலும் உள்ள வெற்று நிலங்களிலும், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளக்கும்போது சுற்றளவு ஒரு மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை இசைவின்றி வெட்டலாகாது. நிலம் தனியார்க்கு உரியதாயினும் விதி இதுவே. 2001இல் மரபுடைமை மரங்கள் திட்டமும் தொடங்கப்பட்டது.

இவ்வளவு இருந்தும் காவல் ஒருமுறை தவறியது. 2002 நவம்பரில் சாங்கி வட்டாரத்தில், ஏறத்தாழ 150 ஆண்டு வளர்ந்த சங்கால் வகை மரம் ஒன்று இசைவின்றி வெட்டப்பட்டது. மிக அரிதாகிவிட்ட இனம் அது. சாங்கி என்னும் ஊர்ப்பெயரே அம்மரத்திலிருந்து வந்திருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. வெட்டுவித்த நிறுவனத்துக்கு 8,000 வெள்ளி தண்டம் விதிக்கப்பட்டது. மரத்துக்கு ஈடாக 76,000 வெள்ளிக்கு மேல் அரசுக்குச் செலுத்த நேர்ந்தது. வீழ்ந்த மரத்தின் கட்டைகளில் கலைஞர்கள் பின்னர்ச் சிற்பங்கள் செதுக்கினர். 2005இல் சட்டம் புதுப்பிக்கப்பட்டபோது உச்சத் தண்டம் 50,000 வெள்ளியாக்கப்பட்டது. இதே சாங்கியில் 1942இல், ஊருக்கே அடையாளமாய் ஓங்கி நின்ற சாங்கி மரத்தைப் பிரிட்டிஷ் படையினர் வீழ்த்தினர். பகைவரின் பீரங்கிகளுக்கு அது குறி காட்டிவிடும் என்னும் அச்சமே காரணம். சங்க காலத்தில் காவல்மரத்தை வெட்டியவன் பகைவன். சாங்கியில் இருமுறையும் வெட்டியவர் காக்க வேண்டியவரே.

சுவரும் மரமும் ஒத்தவை அல்ல என்பதை இவ்விடத்தில் உணர்தல் வேண்டும். தேசிய நினைவுச் சின்னமான தெலுக் ஆயர் சந்தையின் இரும்புச் சட்டங்களை, நிலத்தடி இரயில் பாதை அமைப்பதற்காக 1986இல் பிரித்தெடுத்துப் பின்னர் அதே இடத்தில் மீண்டும் பொருத்தினார்கள். மரத்தைப் பிரித்து மீண்டும் பொருத்தும் கைத்திறன் மாந்தர்க்கு வாய்க்கவில்லை. தண்டத்தைப் பணமாகக் கட்டலாம். 150 ஆண்டை எந்தக் கருவூலத்திலிருந்து கட்டுவது?

சட்டத்தால் இயலாத மற்றொன்றும் உண்டு. லிட்டில் இந்தியாவில் பஃபலோ சாலை இருக்கிறது. மலாய்மொழியில் எருமை என்றே பொருள்படும் கெர்பாவ் சாலையும் இருக்கிறது. மாட்டுத் தொழுவங்களும் மாட்டு வணிகமும் அங்கிருந்து போய் நெடுங்காலமாயிற்று. விதிகள் கூரையைக் காக்கும். கூரையின் கீழ் நடந்த தொழிலைக் காக்க மாட்டா. வாடகைக் கட்டுப்பாடு 2001இல் நீக்கப்பட்டபின், பழைய கடைவீட்டில் யார் இருப்பது என்பதைச் சந்தை விலையே முடிவு செய்கிறது. இதற்கு மறுதலையாக, டாங்க் சாலை தெண்டாயுதபாணி கோயிலை நோக்குக. 1859இல் எழுந்த பழைய கோயிலுக்கு மாறாக 1983இல் புதிய கட்டடம் எழுந்தது. ஆயினும் 2014இல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கல் புதியது, ஆண்டுதோறும் தைப்பூசக் காவடி வந்து சேரும் மரபு பழையது. மக்கள் விடாது பேணியதைச் சட்டம் பின்னால் வந்து ஏற்றுக்கொண்டது.

எனவே காவல் இருவகைப்படும். ஒன்று அரசு தருவது. அது சுவரையும் மரத்தையும் காக்கும். மற்றொன்று நாம் தருவது; அது பெயரையும் நினைவையும் காக்கும். தமிழாசிரியர் ஒருவர் அளவுநாடாவுடன் மாணவரை அழைத்துச் சென்று, ஒரு மழைமரத்தின் சுற்றளவை அளக்கச் செய்யலாம். பகோடா ஸ்திரீட்டின் முனையில் நிறுத்தி, இப்பெயர் எவ்வாறு வந்தது என்று வினவலாம். விடை கூறும் மாணவன் ஒருவன் இருக்குமட்டும் செட்டித் தெருவும் முற்றும் அழிந்ததாகாது.