ரோமின் கதவைத் திறந்தது யார்?

ரோமாபுரி ஏன் விழுந்தது என்று கேட்டால், "வெளியிலேர்ந்து படையெடுத்து வந்தாங்க, விழுந்துடுச்சு" என்று பள்ளிக்கூடத்தில் படித்ததையே ஒப்பிப்போம். உள்ளே நடந்ததையும் கொஞ்சம் பார்ப்போமா?

கி.மு. 133-இல் டைபீரியஸ் கிராக்கஸ், பொதுநிலத்துக்கு உச்சவரம்பு வைத்து, மிச்சத்தை ஏழைகளுக்குப் பங்கிடச் சட்டம் கொண்டுவந்தார். செனட்டர்கள் அவரை அடித்தே கொன்றார்கள். கி.பி. 332-இல் கான்ஸ்டன்டைன், ஓடிப்போக நினைக்கும் குத்தகை உழவனைச் சங்கிலியில் பிணைக்கலாம் என்று ஆணையிட்டார். ஐந்தாம் நூற்றாண்டில் மார்செய் நகரப் பாதிரியார் சால்வியன், நொந்துபோய் எழுதுகிறார்: வரிச்சுமை ஏழை தலையில், வரிச்சலுகை பணக்காரருக்கு, அதனால் ஏழைகள் எதிரிகளான கோத் இனத்தாரிடமே அடைக்கலம் தேடுகிறார்கள். 476-இல் மேற்கு ரோமின் கடைசிப் பேரரசன் இறக்கப்பட்டபோது, அவனுக்காக எழுந்து நிற்க யார் மிச்சம்?

ஏற்றத்தாழ்வு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அப்படியானால் கிழக்கு ரோம் 1453 வரை நின்றிருக்காதே! ஆனாலும் சால்வியன் சொன்னது உறுத்துகிறது.

2024-இல் வெளியான உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் ஆய்வுப்படி, 2022-23-இல் இந்தியாவின் செல்வத்தில் 40.1 சதவீதம், மேல்தட்டு ஒரு சதவீதத்தினரிடம் இருந்தது. நம் குடியிருப்புக் காவலாளியும் சோப்பு வாங்கும்போது வரி கட்டத்தான் செய்கிறார். ரோமின் உழவனுக்கு இல்லாத ஓட்டு அவருக்கு இருக்கிறது. அதோடு, 'இது நம்ம அரசு' என்கிற நினைப்பும் அவருக்கு இருக்க வேண்டும். அது போய்விட்டால், கோட்டைச் சுவர் எவ்வளவு உயரமாக இருந்து என்ன பயன்?