வென் ஹாரி மெட் சாலி (திரைப்படம்)

வென் ஹாரி மெட் சாலி (ஹாரி சாலியைச் சந்தித்தபோது) என்பது 1989 ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த அமெரிக்கக் காதல் நகைச்சுவைத் திரைப்படமாகும். நோரா எஃப்ரான் எழுதிய திரைக்கதையை ராப் ரைனர் இயக்கினார். பில்லி கிரிஸ்டல் ஹாரியாகவும் மெக் ரையன் சாலியாகவும் நடித்துள்ளனர். ஆணும் பெண்ணும் வெறும் நண்பர்களாக மட்டும் இருக்க இயலுமா என்பதே படம் எழுப்பும் வினா. திரையரங்குகளில் பெருவெற்றி பெற்ற இப்படம் பின்னர் வீடியோ நாடா, டிவிடி, புளூ-ரே என ஒவ்வொரு வடிவத்திலும் வெளியாகி, வீட்டில் மீண்டும் மீண்டும் பார்க்கப்படும் படங்களுள் ஒன்றாயிற்று.

கதைச் சுருக்கம்

(முடிவை முன்கூட்டியே அறிய விரும்பாதோர் இப்பகுதியையும் அடுத்துள்ள பகுதிகளையும் தவிர்க்கலாம்.)

1977 இல் பல்கலைக்கழகப் படிப்பை முடித்த ஹாரியும் சாலியும் சிகாகோவிலிருந்து நியூயார்க்கிற்கு ஒரே காரில் செல்கின்றனர். வழியெங்கும் வாக்குவாதம், ஊர் சேர்ந்ததும் பிரிகின்றனர். ஐந்தாண்டுகள் கழித்து விமானப் பயணத்தில் சந்திக்கின்றனர். மேலும் ஐந்தாண்டுகளுக்குப் பின், இருவரும் தத்தம் துணையைப் பிரிந்த நிலையில், ஒரு புத்தகக் கடையில் சந்தித்து நண்பர்களாகின்றனர். ஓரிரவு அந்த நட்பின் எல்லை மீறப்பட, உறவு முறிகிறது. புத்தாண்டு முன்னிரவில் மீண்டும் இணைகின்றனர். இடையிடையே வயது முதிர்ந்த தம்பதியர் தாங்கள் சந்தித்த கதையைக் கேமராவை நோக்கிச் சொல்கின்றனர். இக்கதைகள் உண்மையான தம்பதியரிடமிருந்து திரட்டப்பட்டவை. திரையில் தோன்றுவோர் நடிகர்கள்.

மறுமுறை பார்க்கையில்

இப்படத்திலேயே ஒரு பழைய படத்தை மறுபடியும் பார்க்கும் காட்சி உண்டு. முதல் கார் பயணத்தில் இருவரும் காசாபிளாங்கா (1942) படத்தின் முடிவைப் பற்றி விவாதிக்கின்றனர். மதுக்கூடம் நடத்தும் ரிக்கை விட்டுவிட்டுக் கதாநாயகி கணவனுடன் விமானம் ஏறியது சரியே என்கிறாள் சாலி. ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் இருவரும் அவரவர் வீட்டில் படுத்தபடி, தொலைபேசியில் பேசிக்கொண்டே, தொலைக்காட்சியில் அதே படத்தைப் பார்க்கின்றனர். திரை இரண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் இருவரும் ஒரே கட்டிலில் இருப்பது போலத் தோன்றும். சாலியின் பழைய கருத்தை ஹாரி நினைவூட்ட, தான் அவ்வாறு சொல்லவேயில்லை என்று அவள் உறுதியாக மறுக்கிறாள். திரையரங்கில் இருப்பவர் தம் நினைவையே நம்ப வேண்டும். வீட்டில் பார்ப்பவரோ பின்னோட்டிச் சரிபார்க்கலாம். சரிபார்த்தால் ஹாரி சொல்வதே உண்மை.

சாலி உணவு வரவழைக்கும் முறையும் அத்தகையதே. தொடக்கத்தில் வழியோர உணவகத்தில் ஆப்பிள் பையைச் சூடாக்கி, ஐஸ்கிரீமைத் தனியே வைக்குமாறு அவள் கேட்பது வெறும் நகைச்சுவையாகவே கடந்துவிடும். இறுதியில் ஹாரி தன் காதலைச் சொல்லும்போது இந்தப் பழக்கத்தையும் குறிப்பிடுகிறான். கடைசிக் காட்சியில் திருமணக் கேக்கின் சாக்லேட் குழம்பும் தனியே பரிமாறப்பட்டதாகக் கேட்கிறோம். இப்பழக்கம் எஃப்ரானுடையது, அவர் உணவகத்தில் உணவு கேட்பதைக் கவனித்த ரைனர் அதைச் சாலிக்குக் கொடுத்தார்.

மாறிய முடிவு

மணமுறிவுக்குப் பின் ரைனர் தனியே வாழ்ந்த காலத்து அனுபவங்களிலிருந்தே கதை பிறந்தது. முதலில் ஹாரியும் சாலியும் சேராமலேயே பிரிவதாகத் திட்டமிடப்பட்டிருந்தது. படப்பிடிப்புக் காலத்தில் ரைனர் மிசேல் சிங்கரைச் சந்தித்தார்; முடிவு மாற்றப்பட்டது. இருவரும் 1989 இல் மணந்துகொண்டனர்.

வீட்டுத் திரை வெளியீடுகள்

2001 இல் வந்த சிறப்பு டிவிடி பதிப்பில் ரைனரின் உரைத்தடம், படம் உருவான விதம் பற்றிய ஆவணப்படம், நீக்கப்பட்ட காட்சிகள் ஆகியன இடம்பெற்றன. உரைத்தடம் என்பது படத்துக்கு இணையாக ஓடும் தனி ஒலித்தடமாகும்; ஒரு டிவிடி இவ்வாறு எட்டு ஒலித்தடங்கள் வரை தாங்கும். 2008 ஆம் ஆண்டுப் பதிப்பில் ரைனர், எஃப்ரான், கிரிஸ்டல் ஆகிய மூவரும் பங்கேற்ற புதிய உரைத்தடம் சேர்க்கப்பட்டது. 2019 இல் ஷௌட்! ஃபாக்டரி நிறுவனம் 30 ஆம் ஆண்டு நிறைவையொட்டிப் புதிய 4கே வருடலிலிருந்து புளூ-ரே வெளியிட்டது. படத்தின் தெளிவுக்கு இதுவே சிறந்தது.

இணையவழி ஓடைகளில் பெரும்பாலும் படம் மட்டுமே கிடைக்கும், உரைத்தடம் கிடைப்பதில்லை. எஃப்ரான் 2012 இலும், ரைனரும் மிசேலும் 2025 டிசம்பரிலும் மறைந்துவிட்டனர். எனவே எழுதியவரும் இயக்கியவரும் தங்கள் படத்தைப் பற்றிப் பேசும் 2008 ஆம் ஆண்டு வட்டு, பழைய தொழில்நுட்பம் என்று ஒதுக்கத்தக்கதன்று.

பிற செய்திகள்

படத்தின் மிகப் புகழ்பெற்ற காட்சி நியூயார்க்கின் காட்ஸ் உணவகத்தில் படமாக்கப்பட்டது. பாலின்ப உச்சத்தைப் பெண்கள் நடித்துக்காட்ட இயலும் என்பதைச் சாலி அங்கேயே மெய்ப்பிக்கிறாள். அதைக் கண்டு, அவள் உண்டதையே தனக்கும் தருமாறு கேட்கும் பக்கத்து மேசைப் பெண்மணி இயக்குனரின் தாயார் எஸ்டெல் ரைனர். அந்த வசனத்தை முன்மொழிந்தவர் கிரிஸ்டல்.

திரைக்கதைக்காக எஃப்ரான் பாஃப்டா விருது பெற்றார். ஆஸ்கார் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டார். 2000 இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் தொகுத்த 100 நகைச்சுவைப் படங்களின் பட்டியலில் இப்படம் 23 ஆம் இடம் பெற்றது. 2022 இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.