கருவை வளர்த்த நீரின் வரலாறு

மகப்பேறு வாய்க்காத இல்லங்களின் துயரை நாம் அனைவரும் அறிவோம். அத்துயர் போக்க எழுந்த சோதனைக் குழாய் முறையைப் பற்றிப் பேசுவோர் மருத்துவரின் கைத்திறனையே போற்றுகின்றனர். தாயின் வயிற்றை அடையுமுன் கரு சில நாட்கள் தங்கியிருக்கும் நீரைப் பற்றி எண்ணிப் பார்ப்போர் சிலரே. அந்நீருக்கும் ஒரு வரலாறு உண்டு.

1956இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானி விட்டன், எட்டு உயிரணுக்களைக் கொண்ட சுண்டெலிக் கருவை உப்பும் சர்க்கரையும் புரதமும் சேர்ந்த கரைசலில் வளர்த்துக் காட்டினார். ஈராண்டு கழித்து, அவ்வாறு வளர்த்த கருக்களிலிருந்து உயிருள்ள குட்டிகள் பிறக்கச் செய்தனர் ஆன் மெக்லாரனும் பிக்கர்ஸும். மனிதக் கருமுட்டையோ எளிதில் இணங்கவில்லை. கேம்பிரிட்ஜில் எட்வர்ட்ஸ் பல்லாண்டு முயன்றார். வெள்ளெலிகளை ஆராய்வதற்காக மாணவர் பாவிஸ்டர் அமைத்திருந்த, காரத்தன்மை மிகுந்த கரைசலே வழி திறந்தது. அதன் பயனாக 1969இல் மனிதக் கருமுட்டை உடலுக்கு வெளியே கருவுற்ற செய்தி வெளியாயிற்று. 1978 ஜூலை 25ஆம் நாள் இங்கிலாந்தில் முதற் குழந்தை பிறந்தது. அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் மற்றொரு குழந்தை பிறந்தது. அவருடைய பெருமையை நாடு ஒப்புக்கொண்டதோ, 1981இல் அவர் மறைந்த பின்னரே.

1985இல், தாயின் கருக்குழாயிலுள்ள நீரைப் பின்பற்றி ஒரு கரைசலைக் குவின் குழுவினர் அமைத்தனர். கருக்குழாயில் பிராணவாயு வெளிக்காற்றில் உள்ளதைவிட மிகக் குறைவு என்பதனால், ஆய்வகங்கள் பலவும் பின்னாளில் அதன் அளவை 5 விழுக்காடாகக் குறைத்தன.

நீர் மாறினால் சேயும் மாறுமோ என்னும் ஐயத்தை முதலில் எழுப்பியவை கால்நடைகளே. சீரம் கலந்த நீரில் வளர்ந்த ஆட்டுக் கருக்களிற் சில அளவுக்கு மீறிப் பருத்தன. அவற்றில் மரபணுவின் எழுத்து மாறவில்லை. அதன் மேலிருந்து அதை ஆளும் வேதிக் குறிகளே குறைந்திருந்தன என்று 2001இல் தெரியவந்தது.

மனிதரைப் பற்றிய தெளிவான சான்று நெதர்லாந்திலிருந்து வந்தது. அங்கு 836 தம்பதியரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரின் கருக்களைக் குவின் வழிவந்த ஹெச்.டி.எப். நீரிலும், மற்றதனுடையவற்றை ஜி5 என்னும் புதிய நீரிலும் வளர்த்தனர். 2016இல் முடிவு வெளியாயிற்று. ஜி5 நீரில் கருத்தரிப்பு மிகுந்தது. ஆனால் அப்பிரிவில் தனித்துப் பிறந்த குழந்தைகளின் எடை சராசரி 158 கிராம் குறைந்திருந்தது. ஆக, கருத்தரிக்கும் எண்ணிக்கை ஒன்றையே கொண்டு ஒரு நீரைச் சிறந்ததென்று துணிதல் கூடாது.

இதனால் இம்முறையை அஞ்சி ஒதுக்க வேண்டுவதில்லை. இவ்வழிப் பிறந்த குழந்தைகளிற் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கின்றனர். எனினும் விற்பனைக்கு வரும் நீர்களிற் பலவற்றின் முழுச் சேர்மானத்தை அவற்றை ஆக்குவோர் வெளியிடுவதில்லை. மருந்துச் சீட்டைப் படித்துப் பார்க்கும் நாம், கருவின் முதல் உணவு யாது என்று கேட்கத் தயங்குவதேன்? சிகிச்சை நாடும் தம்பதியர் அதனை மருத்துவரிடம் வினவுதல் வேண்டும். பிறந்த குழந்தையின் வளர்ச்சியைத் தொடர்ந்து குறித்து வருதலும் வேண்டும். அக்குறிப்புகள் நாளை பிறக்கவிருக்கும் குழந்தைகளுக்கும் காப்பாகும்.