பிரிட்டனின் பழைய ஊர்கள்: செல்வம் விலகியதால் நிலைத்தவை

பிரிட்டனில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று எந்தப் பட்டியலை எடுத்தாலும் லண்டன் கோபுரம், ஸ்டோன்ஹெஞ்ச், எடின்பரோ கோட்டை ஆகியவற்றோடு லாவன்ஹாம், ரை, செஸ்டர், பாத், யார்க், அயர்ன்பிரிட்ஜ் என்ற ஊர்ப் பெயர்களும் வரும். முதல் வகையில் தனிக் கட்டடமோ கல்வட்டமோ சின்னமாக நிற்கிறது. இரண்டாம் வகையில் தெரு, வீடு, மதில், சந்து எல்லாம் சேர்ந்து ஊரே சின்னமாகிறது. நாட்டில் பழைய ஊர்கள் ஆயிரக்கணக்கில் இருக்க, இந்தச் சில ஊர்கள் மட்டும் பழைய உருவோடு எப்படித் தங்கின? அரசர்கள் காத்தார்கள், மக்கள் மரபைப் போற்றினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விடை. ஊர்களின் கதையைத் தனித்தனியாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இவற்றில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் செல்வம் கொழித்தவை. பிறகு அந்தச் செல்வம் வேறிடம் தேடிப் போய்விட்டது. பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டப் பணமோ அவசரமோ இல்லாததால்தான் அவை அப்படியே நின்றன.

இதற்கு மிகத் தெளிவான சான்று சஃபோக் மாவட்டத்திலுள்ள லாவன்ஹாம். நீலச் சாயமேற்றிய கனத்த கம்பளித் துணிக்குப் பெயர்பெற்ற இந்தச் சிற்றூர், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பெரும் செல்வ ஊர்களுள் ஒன்றாக இருந்தது. துணி வணிகர்களின் கொடையில் எழுந்த தேவாலயக் கோபுரம் ஏறக்குறைய 43 மீட்டர் உயரம். ஊரின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத உயரம் அது. பிறகு ஃபிளாண்டர்ஸிலிருந்து அகதிகளாக வந்து கோல்செஸ்டரில் குடியேறிய நெசவாளர்கள் மெல்லிய, விலை குறைந்த துணியை நெய்தார்கள். லாவன்ஹாமின் கனத்த துணிக்குக் கிராக்கி போயிற்று. 18ஆம் நூற்றாண்டில் மற்ற ஊர்க்காரர்கள் மரவீடுகளை மாற்றிச் செங்கல் முகப்பு எழுப்பியபோது, இங்கே பலருக்கு அதற்கு வழியில்லை. அன்றைய தச்சர்கள் ஓக் மரத்தை உலரவைக்காமல் ஈரத்தோடு அறுத்துச் சட்டம் கட்டுவது வழக்கம். மரம் பின்னால் உலர உலர முறுக்கிக்கொண்டது. தெருவை நோக்கிச் சாயும் மேல்மாடியும், கோணலான சன்னலும், ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்ததுபோல் நிற்கும் வீடுகளும் அப்படி உண்டானவை. இன்று படம்பிடிக்க வருபவர்கள் தேடி வருவது அந்தக் கோணலைத்தான்.

கிழக்கு சஸ்ஸெக்ஸிலுள்ள ரை நகரை ஏற்றி வைத்ததும் இறக்கி விட்டதும் கடல். 1287இன் பெரும்புயல் ராதர் ஆற்றின் போக்கையே மாற்றியது. அதுவரை ஆற்றுமுகத்தில் இருந்த நியூ ராம்னி துறைமுகத்தை இழந்தது. ஆறு ரை பக்கம் வந்து சேர்ந்தது. அரசருக்குக் கப்பல் கொடுத்துச் சலுகை பெற்ற சிங்க் போர்ட்ஸ் என்னும் துறைமுகக் கூட்டமைப்பில் ரையும் இருந்தது. 1377இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து எரித்துவிட்டுப் போகும் அளவுக்கு அது முக்கியமான ஊர். பிறகு துறை தூர்ந்தது. இப்போது கடல் சுமார் 3 கிலோமீட்டருக்கு அப்பால். குன்றின்மேல் ஏறும் மெர்மெய்ட் தெருவின் உருளைக்கல் பாவிய சரிவும், 1420இல் திருப்பிக் கட்டியதாகச் சொல்லப்படும் மெர்மெய்ட் விடுதியும் துறை தூர்ந்ததால் தப்பியவை. துறைமுகம் உயிரோடு இருந்திருந்தால் கிடங்குகளுக்கும் பாரந்தூக்கிகளுக்கும் இந்தச் சந்துகள் வழிவிட்டிருக்கும்.

செஸ்டரையும் இதே வரிசையில் வைக்கலாம். ரோமானியப் படை முகாமாகத் தொடங்கிய ஊர் அது. டீ ஆறு தூர்ந்து கப்பல்கள் லிவர்பூலுக்குப் போனதும் பின்தங்கியது. ஆனால் இந்த வாதத்துக்கு வரும் முதல் தடையும் செஸ்டரில்தான். கறுப்பு மரச் சட்டமும் வெள்ளைச் சுவருமாகத் தெரியும் அதன் புகழ்பெற்ற முகப்புகளில் பல இடைக்காலத்தவை அல்ல. விக்டோரியா காலத்தில், கையில் பணம் இருந்தபோது, பழைய பாணியில் புதிதாகக் கட்டியவை. ஈஸ்ட்கேட் வாயில்மேல் உள்ள கடிகாரமும் 1899இல் வைத்ததே. அப்படியானால் செல்வமும் அழகைக் கட்டியிருக்கிறதே என்று கேட்பது நியாயம். கட்டியிருக்கிறது, மறுப்பதற்கில்லை. எனினும் செஸ்டரை வேறெந்த ஊரிலிருந்தும் பிரித்துக்காட்டுவது இந்த முகப்பு அல்ல, அதற்குப் பின்னால் உள்ள அமைப்பு. ‘ரோஸ்’ என்று அழைக்கப்படும் இரண்டடுக்கு நடைவழிகள் அவை. தெருமட்டத்தில் ஒரு வரிசைக் கடைகள். சில படிகள் ஏறினால் வீடுகளின் முதல் மாடிக்குள்ளேயே ஒரு நீண்ட தாழ்வாரம், அதையொட்டி இன்னொரு வரிசைக் கடைகள். மழையில் நனையாமல் தெருவை மேலிருந்து பார்த்தபடி நடக்கலாம். 13ஆம் நூற்றாண்டிலேயே இருந்த இந்த ஏற்பாட்டை விக்டோரியாக் கட்டடக்காரர்கள் மாற்றவில்லை. தோலைப் புதுப்பித்து எலும்பை விட்டுவைத்தார்கள்.

பாத் நகரைக் காட்டி எழுப்பும் மறுப்பு இன்னும் வலுவானது. சுமார் 46 பாகை வெப்பத்தில் நிலத்தடியிலிருந்து பொங்கும் ஊற்று, அதைச் சுற்றி ரோமானியர் கட்டிய குளியல் மண்டபம், தேன்நிறக் கல்லால் ஆன 18ஆம் நூற்றாண்டுத் தெருக்கள்: இவற்றால் அறியப்படும் பாத் ஒருபோதும் ஏழை ஊராக இருந்ததில்லை. உண்மைதான். அங்கே விலகிப் போனது பணத்தைவிட மோகம். பட்டத்து இளவரசர் பிரைட்டனுக்குப் போனார். மேட்டுக்குடியினரும் கடற்கரைக்குத் திரும்பினார்கள். பாத் ஓய்வுபெற்றவர்களின் அமைதியான ஊராயிற்று. ஆகவே வறுமை காத்தது என்பதைவிட, அவசரமின்மை காத்தது என்று சொல்வதே சரி. 1767இல் தொடங்கிய ராயல் கிரெசென்ட் இதைப் பார்க்க நல்ல இடம். இளைய ஜான் வுட் பிறைவடிவில் 30 வீடுகளுக்கு ஒரே முகப்பை வகுத்தார். வாங்கியவர்கள் முகப்பில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, பின்னால் தங்கள் விருப்பப்படி கட்டிக்கொண்டார்கள். முன்னால் தூண்வரிசை ஒரு சீராக வளைய, பின்னால் ஒரு வீடு நீண்டும் ஒரு வீடு உள்வாங்கியும் கூரைகள் ஏறியிறங்கியும் கிடக்கின்றன. 1960களிலும் 70களிலும் மறுகட்டுமானப் பணம் வந்தபோது பெரிய பிறைகள் தப்பின. தொழிலாளர்களும் கைவினைஞர்களும் வாழ்ந்த அதே காலத்துச் சிறு வீடுகள் வரிசை வரிசையாக இடிக்கப்பட்டன. அந்த இழப்பு இன்று பாத்துக்கு வருபவர் கண்ணில் படுவதில்லை. அதனாலேயே அதைச் சொல்லியாக வேண்டும்.

தொழிற்புரட்சி பிறந்த இடமும் இந்த விதிக்கு விலக்கல்ல. ஷ்ராப்ஷயரில் செவர்ன் ஆற்றின்மேல் நிற்கும் அயர்ன்பிரிட்ஜ் ஊர்ப் பாலம், வார்ப்பிரும்பால் கட்டிய உலகின் முதல் பெரிய பாலம். பக்கத்து கோல்புரூக்டேலில் முதலாம் ஆபிரகாம் டார்பி 1709இல் மரக்கரிக்குப் பதில் கற்கரியை இட்டு இரும்பு உருக்கினார். அவருடைய பேரன் மூன்றாம் டார்பி 1779இல் பாலத்தின் விலாக்களை ஏற்றி நிறுத்தினார். 1781 புத்தாண்டு நாளில் பாலம் திறந்தது. அருகே போய் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். வார்ப்பிரும்புத் துண்டுகளைப் பெரிய பாலமாகச் சேர்க்கும் முறை அன்று எவருக்கும் பழக்கமில்லை. அதனால் தச்சன் கைவேலையையே இரும்பில் செய்தார்கள். கழுந்து துளைக்குள் நுழைகிறது, புறாவால் இணைப்பு பூட்டிக்கொள்கிறது, ஆப்பு இறுக்குகிறது. சுமார் 30 மீட்டர் அகலத்தைத் தாண்டும் இரும்புக்குள் மரவேலையின் நினைவு அப்படியே உறைந்திருக்கிறது. பிறகு இரும்புத் தொழில் வேறு வட்டாரங்களுக்கு நகர்ந்தது, பள்ளத்தாக்கு ஓய்ந்தது. 1934இல் பாலத்தில் வண்டிகள் நின்றன. பரபரப்பான தொழில்வட்டாரத்தின் நடுவே இருந்திருந்தால் அதன் இடத்தில் அகலமான பாலம் ஒன்று எப்போதோ வந்திருக்கும்.

இனி எல்லாவற்றிலும் கடினமான மறுப்பு: இந்த ஊர்களைக் காத்தது மனிதர்களின் போராட்டமும் சட்டமும்தானே? யார்க் அதற்கு எடுத்துக்காட்டு. 1800இல் அந்நகராட்சியே தன் இடைக்கால மதில்களை இடிக்க நாடாளுமன்றத்தின் அனுமதி கேட்டது. ஓவியர் வில்லியம் எட்டி போன்றவர்கள் வாதாடியதால் பெரும்பகுதி தப்பியது, ஏறக்குறைய 3.4 கிலோமீட்டர் மதில்மேல் இன்றும் நடக்கலாம். வாயில்களின் முன்கோட்டைகள் இடிக்கப்பட்டபோது வால்ம்கேட் வாயிலுடையது மட்டும் தங்கியது. தொல்சின்னங்களைக் காக்கும் முதல் சட்டம் 1882இல் வந்தது, நேஷனல் டிரஸ்ட் 1895இல். தனிக் கட்டடமாக அல்லாமல் ஒரு பகுதி முழுவதையும் பாதுகாக்கும் ஏற்பாடு வந்ததோ 1967இல்தான். இந்த ஆண்டுகளே பதிலையும் சொல்கின்றன. லாவன்ஹாமும் ரையும் சட்டம் வரும்வரை பல தலைமுறைகள் எவர் துணையுமின்றிக் காத்திருந்தன. சட்டம் வந்தபோது காக்க ஏதேனும் மிஞ்சியிருக்க வேண்டுமே. மிச்சம் வைத்தது தேக்கம். மறுபக்கம், தேக்கம் மட்டும் போதாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். லாவன்ஹாம் இருக்கும் அதே சஃபோக்கில் டன்விச் என்னும் துறைமுகம் புயலில் துறையை இழந்தது. ஊரையும் கடல் தின்றுவிட்டது.

எடின்பரோவில் தேக்கமும் முயற்சியும் ஒரே நகருக்குள் அடுத்தடுத்து நடந்தன. 1767இல் ஜேம்ஸ் கிரேய்க் வகுத்த திட்டப்படி புதுநகர் எழுந்ததும் வசதியுள்ளவர்கள் அங்கே பெயர்ந்தார்கள். கோட்டையிலிருந்து இறங்கும் பழைய நகரின் உயர்ந்த குடியிருப்புகள் ஏழைகளின் நெரிசலுக்கு விடப்பட்டன. 1880களில் நகரமைப்புச் சிந்தனையாளர் பேட்ரிக் கெட்டிஸ் தம் குடும்பத்தோடு அந்தப் பழைய நகரிலேயே குடியேறினார். மொத்தமாக இடிக்காமல், தேவையான இடத்தில் மட்டும் வெட்டிக் காற்றும் வெளிச்சமும் வரச்செய்யும் முறையை அங்கே செய்து பார்த்தார். அந்தச் சிந்தனை தமிழகத்துக்கும் வந்தது. நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களோடு அவர் 1914இல் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, அவற்றை ஏற்றிவந்த கப்பலை, சென்னைமீது குண்டு வீசிய அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. மீண்டும் திரட்டிய பொருள்களைக் கொண்டு சென்னையில் கண்காட்சி நடந்தது. மதுரைக்கும் தஞ்சைக்கும் அவர் எழுதிய அறிக்கைகள், பழைய தெருக்களை நேர்கோட்டில் இடித்துச் சாலை போடும் அன்றைய அதிகார வழக்கத்தை எதிர்த்தன. பொறுமையாக நடந்து பார்த்து, ஒவ்வொரு வீடாக முடிவெடுக்கச் சொல்லும் அந்த அறிக்கைகள் எடின்பரோச் சந்துகளில் கற்ற பாடம்.

லண்டன் எப்போதும் செல்வத்தின் நடுவே இருந்தும் சின்னங்களை இழக்கவில்லையே என்பார்கள். அரசுக்கும் மதத்துக்கும் தேவைப்பட்ட கட்டடங்களை அது வைத்துக்கொண்டது. சுற்றியிருந்த ஊரை வைத்துக்கொள்ளவில்லை. யூஸ்டன் ரயில் நிலையத்தின் மாபெரும் வளைவு 1960களின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. பணம் திரும்பி வந்தால் என்ன நடக்கும் என்பது லிவர்பூலில் தெரிந்தது. 1846இல் திறந்த ஆல்பர்ட் கப்பல்துறை கப்பலின்றி 1972இல் மூடி, பின்னர் அருங்காட்சியகமும் கலைக்கூடமுமாக மீண்டது. 2004இல் துறைமுகப் பகுதி உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. புதிய கட்டுமானங்களைக் காரணம் காட்டி யுனெஸ்கோ 2021இல் அந்தத் தகுதியைப் பறித்தது. கைவிடப்பட்டுக் கிடந்த பிராம்லி-மூர் துறையில் கால்பந்து அரங்கம் கட்டும் திட்டம் அக்காரணங்களுள் ஒன்று. அரங்கம் கட்டியவர்கள் துறையின் பழைய கற்சுவர்களைப் பெயர்க்காமல், நீர் இருந்த இடத்தில் மணலை நிரப்பி அதன்மேல் எழுப்பினார்கள். துறைக்கு நீர்விசை தந்த விக்டோரியா காலக் கோபுரம் அரங்கத்தின் பக்கத்தில் இன்னும் நிற்கிறது.