மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்ந்த எவரிடமும் 'எம்.டி. 90' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் ஒரு புன்னகை தோன்றும். அடுத்து, மண்ணெண்ணெய்ப் புகையின் நெடி நினைவுக்கு வரும்.

ஜப்பானின் ஹொண்டா நிறுவனம் 1958ஆம் ஆண்டில் 49 சீ.சீ. இயந்திரத்துடன் அறிமுகப்படுத்திய 'சுப்பர் கப்' குடும்பத்தின் வழிவந்ததே இந்த வண்டி. அந்நாட்டுத் தபாற்காரர்களுக்காக வடிவமைக்கப்பட்டதனால் சிவப்பு நிறம் பூண்டிருந்தது. கடிதம் சுமக்கப் பிறந்த அந்த ஒற்றைச் சிலிண்டர் வண்டி, எமது மண்ணில் நோயாளியையும் நெல்மூட்டையையும் செய்தித்தாள் கட்டையும் சுமந்தது.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதும் மின்சாரம் நின்றது. பெற்றோல் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் சேர்ந்தது. மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்த மண்ணெண்ணெயே விளக்குக்கும் அடுப்புக்கும் ஆதாரமாயிற்று. அதுவே வண்டிக்கும் உணவாயிற்று.

இதில் மந்திரம் எதுவுமில்லை. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. சூடேறிய பின்னர் ஆவியாகும். 1917இல் வெளிவந்த போர்ட்சன் உழவு இயந்திரமும் பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் உழைத்ததுதான். எம்மவர் சிறு பிளாஸ்ரிக் போத்தலில் பெற்றோலைப் பொன்போலக் காத்து, சில துளிகளை மட்டும் காபரேற்றருக்குள் செலுத்தி உதைப்பார்கள். இயந்திரம் இருமும், தும்மும், பின்னர் ஓடத் தொடங்கும்.

ஓடியதே தவிர, சுகமாக ஓடவில்லை. பிளக்கில் கரி படியும். ஏற்றத்தில் இயந்திரம் 'டொக் டொக்' என்று முனகும். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி என்ஜின் ஒயிலை நீர்க்கச் செய்யும். ஆயினும் ஒரு சிலிண்டர், ஒரு பிளக், ஒரு காபரேற்றர் என்பதால், பழுது ஒளிந்துகொள்ள இடம் குறைவு. பேனாவைத் தவிர வேறெதையும் பிடித்தறியாத நானும் பிளக்கைக் கழற்றி அரத்தாளால் தேய்க்கக் கற்றுக்கொண்டேன். செய்தி எழுதி முடித்த மாலைகளில், கைகளில் கரியுடன் அதன் துடிப்பைச் செவிமடுப்பதில் எனக்கு ஓர் ஆனந்தம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஒரு நள்ளிரவில் அயல்வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. என் போத்தலில் எஞ்சியிருந்தது ஒரேயொரு தடவைக்கான பெற்றோல். மூன்றாவது உதையில் வண்டி உயிர்பெற்றது. அவரது தாயார் பின்னாலிருந்து மகளைத் தாங்கிக்கொள்ள, மூவருமாகச் சென்றோம். வைத்தியசாலை வாசலில் இயந்திரத்தை நிறுத்த நான் துணியவில்லை. நிறுத்தினால் மீண்டும் இயக்க ஒரு துளியும் இல்லை. உள்ளிருந்து நல்ல செய்தி வரும்வரை, அது புகை கக்கிக்கொண்டே என்னுடன் காத்திருந்தது.

1995 அக்டோபர் 30 இரவில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த சனக்கடலினுள் இத்தகைய வண்டிகளும் இருந்தன. ஓட்டிச் செல்ல இடமில்லை. பொதிகளையும் முதியோரையும் சுமத்தி உருட்டியே சென்றார்கள்.

2002இல் யுத்தநிறுத்தம் ஏற்பட்டு ஏ-9 வீதி திறந்தது. பெற்றோலும் தாராளமாக வந்தது. புதிய வண்டிகளும் வந்தன. 2022இல் முழு நாடுமே எரிபொருள் வரிசையில் நின்றபோது, யாழ்ப்பாணத்து முதியவர்கள் பழைய கதைகளை மீண்டும் சொன்னார்கள்.

அக்கதைகளில் எமது கெட்டித்தனத்தை மட்டும் கண்டு பெருமைகொள்வது முறையாகாது. எரிபொருளில்லாமல் உரிய நேரத்தில் வைத்தியசாலையை அடைய முடியாது போனவர்களும் அக்காலத்தில் இருந்தார்கள். மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டியது எமது ஆற்றல். ஓட்டவேண்டி வந்தது எமக்கு இழைக்கப்பட்ட அநீதி. வரலாற்றை எழுதுபவர்கள் இரண்டையும் சேர்த்தே எழுதவேண்டும்.