ஒரு முழக்கம், இரு புரட்சிகள்

1789 ஜூலை 14-இல் பாரிஸ் மக்கள் பாஸ்டில் கோட்டையைக் கைப்பற்றினர் என்பதைப் பள்ளிச் சிறுவனும் சொல்வான். இரண்டே ஆண்டுகள் கழித்து, அதே பிரெஞ்சு ஆட்சிக்கு அடங்கிய கரீபியன் நாடொன்றில் கறுப்பு அடிமைகள் மூட்டிய புரட்சித் தீயை அறிந்தவர் எத்தனை பேர்? இன்று ஹைட்டி எனப்படும் அந்நாட்டின் அன்றைய பெயர் செயின்ட் டொமிங்.

இரண்டுக்கும் வித்து எது?

பிரான்சில் பிறப்பே பெருமையை வகுத்தது. குருமார் முதல் வகுப்பு. பிரபுக்கள் இரண்டாம் வகுப்பு. எஞ்சிய கோடிக்கணக்கானோர் மூன்றாம் வகுப்பு. உழுதவன் வரி செலுத்தினான். உல்லாசத்தில் திளைத்தவனுக்கு வரிவிலக்கு! வணிகரும் வழக்கறிஞரும் செல்வமும் கல்வியும் பெற்றிருந்தும், உயர் பதவி அவர்களுக்கு எட்டாக்கனி. அமெரிக்கப் போருக்கு உதவிய கடன் கருவூலத்தை வற்றச் செய்தது. 1788-இல் விளைச்சல் பொய்த்தது. ரொட்டி விலை ஏறிற்று. வேறு வழியின்றி, 1614-க்குப் பின் கூட்டப்படாத வகுப்புகளின் பேரவையைக் கூட்டினான் பதினாறாம் லூயி. அடைத்து வைத்த குமுறலுக்கு வாயில் திறந்தது.

செயின்ட் டொமிங்கிலோ கொடுமை இன்னும் ஆழமானது. ஏறத்தாழ 5 லட்சம் அடிமைகள் கரும்புத் தோட்டங்களிலும் காப்பித் தோட்டங்களிலும் வதைபட்டனர். 1685-இல் பதினான்காம் லூயி பிறப்பித்த கறுப்பர் சட்டம் அவர்களை அசையும் பொருளாகவே எண்ணியது. பிரெஞ்சு உழவனிடம் உழைப்பின் பயனைப் பறித்தனர். இங்கே உழைப்பவனையே பறித்துக்கொண்டனர்!

1789 ஆகஸ்டில், மனிதர் யாவரும் உரிமையில் சமம் என்று பாரிஸ் முழங்கியது. ஆனால் 1790 மார்ச்சில் அதே மன்றம், தோட்ட முதலாளிகளின் சொத்து நாட்டின் பாதுகாப்பில் இருப்பதாக அறிவித்தது. அந்தச் சொத்தில் மனிதரும் அடக்கம்! அடிமையல்லாத கலப்பினத்தாருக்கு உரிமை கேட்டுக் கிளர்ந்த வின்சென்ட் ஓஷே, 1791 பிப்ரவரியில் சக்கரத்தில் கட்டி நொறுக்கிக் கொல்லப்பட்டார். வெள்ளையரோ தமக்குள் பிளவுண்டு நின்றனர். பிரான்சில் மன்னனின் தடுமாற்றம் திறந்த வழியை, இங்கே முதலாளிகளின் பூசல் திறந்தது. 1791 ஆகஸ்டில் வடபுலத் தோட்டங்கள் பற்றி எரிந்தன.

1794 பிப்ரவரி 4-இல் பிரெஞ்சு மன்றம் அடிமைமுறையை ஒழித்தது. அருள் சுரந்தா அளித்தது? ஆயுதம் ஏந்திய அடிமைகள் ஒருபுறம். படையெடுத்த ஆங்கிலேயரும் ஸ்பானியரும் மறுபுறம். அதனால் அங்கிருந்த பிரெஞ்சு ஆணையர்கள் 1793-லேயே விடுதலையை அறிவிக்க நேர்ந்தது. பாரிஸ் அதற்கு முத்திரை இட்டது, அவ்வளவே. 1802-இல் நெப்போலியன் குடியேற்றங்களில் அடிமைமுறைக்கு மீண்டும் உயிரூட்டினான். செயின்ட் டொமிங்குக்கும் படை அனுப்பினான். சிறைப்பிடிக்கப்பட்ட தலைவர் டூசான் லூவர்த்தூர், 1803-இல் பிரெஞ்சுச் சிறையில் மாண்டார். ஆயினும் 1804 ஜனவரி 1-இல் டெசாலின் தலைமையில் ஹைட்டி விடுதலை நாடாயிற்று.

முதற் புரட்சி, மனிதனுக்கு உரிமை உண்டு என்று எழுதியது. இரண்டாம் புரட்சி, மனிதன் என்பவன் யார் என்று கேட்டது. அந்தக் கேள்வியைக் கேட்காத உரிமைச் சாசனம், எவ்வளவு அழகுற எழுதப்பட்டாலும், வெறும் ஏடே அன்றோ?