26 படிகளில் ஒரு வீடு

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்பது நம் பழமொழி. வீடு கட்டியவர் எவரும் இதன் பொருளை அறிவர். கொத்தனார் வரும் நாளில் மணல் வந்திராது; மணல் வந்து இறங்கும் நாளில் கொத்தனார் வேறு வேலைக்குப் போயிருப்பார். செலவைக் காட்டிலும் இந்தக் காத்திருப்பே வீட்டுக்காரரை அதிகம் வாட்டும். இக்காத்திருப்பை அடியோடு ஒழிக்க முற்பட்ட ஓர் அமெரிக்க நிறுவனத்தின் வரலாற்றை இங்குக் காண்போம்.

இரண்டாம் உலகப்போர் 1945-இல் முடிந்தது. ஊர் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களுக்குக் குடியிருக்க வீடில்லை. 1930-களின் பொருளாதார மந்தமும் அதைத் தொடர்ந்த போரும் வீடு கட்டும் தொழிலை முடக்கியிருந்தன. பெற்றோர் வீட்டின் ஓர் அறையிலும், இராணுவத் தகரக் கொட்டகைகளிலும் இளங்குடும்பங்கள் ஒண்டிக்கிடந்தன. படைவீரரின் வீட்டுக் கடனுக்கு அரசே பிணை நிற்கும் சட்டம் 1944-இலேயே நிறைவேறியிருந்தது. கடன் கிடைத்தது, வீடுதான் கிடைக்கவில்லை.

இந்நிலையில்தான் 'லெவிட் அண்ட் சன்ஸ்' என்னும் நிறுவனம் 1947-இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டின் உருளைக்கிழங்கு வயல்களில் வேலையைத் தொடங்கியது. தந்தை ஆபிரகாம் லெவிட் வழக்கறிஞர். மூத்த மகன் வில்லியம் நிர்வாகத்தையும், இளையவர் ஆல்ஃபிரட் வீட்டின் வடிவமைப்பையும் கவனித்தனர். போர்க்காலத்தில் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் கடற்படைத் தொழிலாளர்களுக்கு விரைந்து வீடு கட்டிய அனுபவம் அவர்களுக்கு இருந்தது.

வீடு கட்டும் வேலை முழுவதையும் அவர்கள் 26 படிகளாகப் பகுத்தனர். ஒவ்வொரு படிக்கும் ஒரு குழுவை அமர்த்தினர். கார்த் தொழிற்சாலையில் தொழிலாளி நிற்க, கார் நகரும். இங்கே வீடு நின்றது, தொழிலாளர் நகர்ந்தனர். ஒரு குழு நிலத்தைச் சமன் செய்து போகும். அடுத்தது தளம் போட்டுப் போகும். அளவாக அறுத்த மரம் ஒவ்வொரு மனையிலும் முன்னரே இறக்கப்பட்டிருக்கும். சலவை இயந்திரத்தைத் தரையோடு திருகி முடுக்குவதையே நாள் முழுதும் செய்தவரும் உண்டு.

படிகளின் வரிசையை மாற்ற இயலாது. அவ்வீடுகளுக்கு நிலவறை கிடையாது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களைத் தளத்துக்குள்ளேயே பதித்தனர். குழாய் பதிக்கும் குழு பிந்தினால் கான்கிரீட் காத்திருக்க வேண்டும். அது காத்திருந்தால் பின்வரும் குழுக்கள் அனைத்தும் காத்திருக்க வேண்டும். எனவே மரத்துக்குச் சொந்த மரக்கிடங்கு, ஆணிக்குச் சொந்தப் பட்டறை என, பிறரை நம்பியிருக்கும் இடங்களை நிறுவனம் ஒவ்வொன்றாக அகற்றியது. நிலவறையின்றி வீடு கட்டக் கூடாது என்ற ஹெம்ப்ஸ்டெட் நகராட்சியின் விதியும், படைவீரர்கள் திரண்டு வந்து ஆதரவு தெரிவித்ததால், 1947-இலேயே மாற்றப்பட்டது.

விளைவு வியப்புக்குரியது. 1948-இல் நாளொன்றுக்கு 30 வீடுகள் வரை முடிந்தன. 1951-க்குள் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 1949-இல் ஒரு வீட்டின் விலை 7,990 டாலர். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்று லூயிஸ் மம்ஃபோர்ட் போன்ற அறிஞர்கள் குறைகூறினர். ஆனால், ஒற்றையறையில் குழந்தையோடு ஒண்டிக்கிடந்த குடும்பத்துக்கு அக்குறை பெரிதாகப் பட்டிருக்குமா? குடியேறியவர்களோ அறைகளைக் கூட்டினர், பரணைப் படுக்கையறையாக்கினர். கட்டியபடியே மாறாமல் நிற்கும் வீட்டை அங்கு இன்று காண்பது அரிது.

இக்கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வெள்ளையர் அல்லாதார், வீட்டு வேலையாட்களாக அன்றி, அங்கே குடியிருக்கக் கூடாது என்ற விதி தொடக்கத்தில் ஒப்பந்தப் பத்திரத்திலேயே இருந்தது. போரில் பணியாற்றிய கறுப்பின வீரருக்கும் இதில் விலக்கில்லை. இத்தகைய விதிகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தர முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-இல் தீர்ப்பளித்தது. பின்னர் பத்திரத்திலிருந்து விதி நீங்கியது, நடைமுறை நீங்கவில்லை. அந்நிறுவனம் பென்சில்வேனியாவில் கட்டிய மற்றொரு லெவிட்டவுனில் 1957-இல் வில்லியம் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதியர், முன்னர் அங்கு வாழ்ந்தவரிடமிருந்து வீடு வாங்கிக் குடியேறினர். நாள்தோறும் கூட்டம் திரண்டது, கற்கள் வீசப்பட்டன. அவர்கள் வெளியேறவில்லை.

வில்லியம் லெவிட் தாமே யூதர். ஒதுக்கப்படுதல் இன்னதென்று அறியாதவர் அல்லர். எனினும், வீட்டுச் சிக்கலைத் தீர்க்கலாம், இனச் சிக்கலைத் தீர்க்க முயலலாம், இரண்டையும் சேர்த்துச் செய்ய இயலாது என்பதே அவர் வாதம். இவ்வாதத்தில் நாம் காண்பது அந்த 26 படிகளை வகுத்த அதே மனத்தைத்தான். ஒரு பெரும்வேலையைத் துண்டு துண்டாகப் பகுப்பவர், தமக்கு வேண்டாத துண்டைத் தம் வேலையே அன்று என்று ஒதுக்கிவிடவும் எளிதில் பழகிவிடுகிறார்.

அதற்காகக் கால அட்டவணையைப் பழிப்பது முறையன்று. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கூரை தந்தது அதுவே. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று அது பிழையின்றிச் சொல்லிற்று. கட்டிய வீட்டுக்குள் யார் நுழையலாம் என்பதை முடிவு செய்தவர்கள் மனிதர்கள். அப்பழியை அட்டவணையின் மேல் ஏற்றிவிட்டு அவர்களைத் தப்பவிடலாகாது.